வைரச் சாணைக்கல் வாங்கப் போறீங்களா?

கவாத்து முடிந்த எலுமிச்சை மரத்தில் வெட்டு விழுந்த இடத்தை ஒருமுறை உற்றுப் பாருங்க. கத்தரி கூராக இருந்தால் வெட்டு வழவழப்பாக இருக்கும். மழுங்கின கத்தரி வெட்டாது, நசுக்கும். நசுங்கிய காயம் ஆற நாளாகும். அதற்குள் பூஞ்சாணமும் பாக்டீரியாவும் உள்ளே புகுந்துவிடும். ரசாயனப் பூஞ்சாணக்கொல்லி தொடாத நமக்கு, சுத்தமான வெட்டுதான் முதல் மருந்து.

வைரம் என்றதும் நகைக்கடை நினைப்பு வேண்டாம். ஆலையில் தயாரிக்கும் வைரத் துகளை இரும்புத் தகட்டின் மேல் நிக்கல் முலாமில் பதித்திருப்பார்கள், அவ்வளவுதான். சாதாரணக் கல் தேயத் தேய நடுவில் குழி விழும். அதில் தீட்டினால் கத்திக்கு நேரான வாய் வராது. வைரத் தகட்டில் குழி விழாது. எண்ணெய் வேண்டாம், ஊறவைக்க வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும். வரப்புக்கே எடுத்துப் போகலாம்.

எண் சின்னதானால் துகள் பெரிது. வாய் பெயர்ந்த கத்திக்கு 300, 400, அன்றாடத்துக்கு 600, ஒட்டுக்கத்தி போன்றவற்றுக்கு 1000, 1200. எல்லாவற்றையும் வாங்கி அடுக்கச் சொல்லி கடைக்காரர் சொல்வார். முப்பது வருஷம் பிறர் பணத்தை எண்ணியவன் சொல்கிறேன், ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 உள்ள தகடு ஒன்றே போதும். வாங்கும்போது அதன்மேல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்தில் பாருங்க. இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் தகடு வளைந்திருக்கிறது, வேண்டாம்.

கத்தரியைக் கழுவி, பிசினைத் துடைத்துவிட்டுத் தொடங்கணும். கவாத்துக் கத்தரியின் வெட்டும் அலகில் ஒரு பக்கம்தான் சரிவு இருக்கும். அந்தச் சரிவில் மார்க்கர் பேனாவால் மை பூசி, தகட்டால் இரண்டு இழுப்பு இழுங்க. மை முழுசாகப் போனால் உங்கள் கோணம் சரி. மேல் ஓரம் மட்டும் போனால் தகட்டைக் கொஞ்சம் தூக்கணும். சரிவே தேய்ந்துபோன கத்தியாக இருந்தால், ஒரு காகிதத்தின் மூலையை இரண்டு தரம் பாதிபாதியாக மடியுங்க. கிடைப்பது 22.5 பாகை. கத்திக்கு அது நல்ல அளவு.

அழுத்தவே கூடாது. அழுத்தினால் துகள் பெயர்ந்து தகடு வீணாகும். வைரம் தானாக வெட்டும். சற்று நேரத்தில் மறுபக்கத்தில் விரலுக்குப் பிசிறு தட்டுப்படும். அப்போது தட்டைப் பக்கத்தைத் தகட்டில் படுக்கவைத்து, 1000-இல் ஒரே ஒரு இழுப்பு. அந்தப் பக்கம் சரிவு விழுந்துவிட்டால் இரண்டு அலகும் ஒட்டாது. பிறகு கிளை நடுவில் மடங்கிச் சிக்கும். முடிந்ததும் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசுங்க.

கருக்கரிவாளில் இந்தத் தகட்டை வைக்காதீங்க, பல் போய்விடும். அதற்குக் கொல்லர் பட்டறைதான். மண்வெட்டிக்கு அரம் போதும். அவசரத்துக்கு மோட்டார் சாணையில் கத்தியைக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கணும்: வாய் நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் பதம் போய்விட்டது என்று பொருள். அப்புறம் எவ்வளவு தீட்டினாலும் கூர் நிற்காது.

தகட்டில் இரும்புத் தூள் அப்பிக்கொண்டால் பயப்பட வேண்டாம். சோப்பும் பழைய பல் துலக்கும் பிரஷும் போதும். அதற்கும் போகாததைப் பேரன் பேத்தியின் பென்சில் ரப்பரால் அழித்தெடுக்கலாம்.