மூச்சு விடவும் பால் வேண்டும்

குறைமாதத்தில் பிறந்த பிள்ளை பல வாரங்கள் ஆஸ்பத்திரியில் பிராணவாயு பெற்று லயன் காம்பராவுக்குத் திரும்பும்போது, "பிள்ளை தப்பிவிட்டது" என்று வீட்டார் மகிழ்வது இயல்பே. ஆனால் அவர்களுடைய பொறுப்பு அன்றுதான் தொடங்குகின்றது.

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிறப்பாகும். மிக முந்திப் பிறக்கும் குழந்தையின் முதிராத நுரையீரல், உயிர்காக்கும் சுவாச இயந்திரத்தாலும் பிராணவாயுவாலுமே சிலவேளை புண்படுகின்றது. 28 நாட்களுக்குப் பின்னரும் பிராணவாயு தேவைப்படுமாயின் அதனை நாட்பட்ட நுரையீரல் நோய் என்பர். 1967இல் அமெரிக்க வைத்தியர்கள் இதனை முதலில் விவரித்தனர்.

இப்பிள்ளை மூச்சு விடுவதற்கே பெரும் சக்தியைச் செலவிடுகின்றது. ஆகவே மற்றப் பிள்ளைகளைவிடக் கூடுதல் சத்து வேண்டும். ஆனால் பால் உறிஞ்சும்போதே களைத்துவிடும். பிறந்த பின்னும் நுரையீரலில் புதிய காற்றறைகள் உண்டாகின்றன. உடல் வளர்ந்தால்தான் அவையும் வளரும். எனவே இப்பிள்ளைக்குப் பாலும் மருந்தே.

தாய்மார் கவனிக்க வேண்டியவை:

1. தாய்ப்பாலைச் சிறிது சிறிதாக, இரண்டு மூன்று மணிக்கொருமுறை, இரவிலும் கொடுங்கள். களைத்தால் சற்று நிறுத்துங்கள். உறிஞ்ச இயலாவிடில், பாலைப் பிழிந்து, கொதிநீரில் சுத்தஞ்செய்த கிண்ணத்தால் புகட்டும் முறையை மருத்துவமாதுவிடம் பழகிக்கொள்ளுங்கள்.

2. சீனித்தண்ணீர், கொத்தமல்லித் தண்ணீர், தேத்தண்ணீர் வேண்டாம். பாட்டிமார் அன்போடு கொடுத்தாலும், அவை வயிற்றை நிரப்புமேயன்றிச் சத்துத் தரா. வைத்தியர் பால்மா கொடுக்கச் சொன்னால், மாவைக் குறைத்து நீர்க்கக் கரைக்காதீர்கள். மிகுந்த நீர் இந்த நுரையீரலுக்குக் கேடு.

3. விறகடுப்புப் புகையும் சுருட்டு, பீடிப் புகையும் பிள்ளையை அண்டக்கூடாது. 1,800 மீற்றருக்கும் உயர்ந்த நுவரெலியாவில் காற்றும் மெல்லியது, குளிரும் அதிகம். பிள்ளையைத் தாயின் வெறும் மார்போடு அணைத்து வைத்தால் சூடு காக்கும், பாலும் ஊறும். 1978இல் கொலம்பியா நாட்டில் தொடங்கிய இம்முறை இன்று உலகெங்கும் கைக்கொள்ளப்படுகின்றது.

4. கிளினிக் நாளைத் தவறவிடாதீர்கள். நிறை ஏறாவிட்டால் உடனே வைத்தியரிடம் சொல்லுங்கள்.

தாய் மீண்டும் கொழுந்து பறிக்கப் போகும்போதுதான் பல பிள்ளைகளின் பால் குறைகின்றது. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை, நாளொன்றுக்கு இருமுறை பாலூட்டத் தாய்க்கு நேரம் விடவேண்டுமென்பது நம் நாட்டுச் சட்டம். அதைக் கேட்டுப் பெறுங்கள். பிழிந்த பாலைப் பிள்ளை மடுவத்து ஆயாவிடம் கொடுத்துச் செல்லுங்கள். நாலு மணி நேரத்துக்குள் புகட்டச் சொல்லுங்கள்.

உதடு நீலம் பாய்ந்தாலும், நெஞ்சு உள்வாங்கி மூச்சிரைத்தாலும், திடீரெனப் பால் குடிக்க மறுத்தாலும் விடியும்வரை காத்திராதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லுங்கள்.