முதியோர் பென்ஷனும் குடும்பத்தின் உழைப்பும்

நம்பிக்கை: முதியவருக்குச் சர்க்கார் மாதந்தோறும் பணம் கொடுத்தால், அதை நம்பி வீட்டிலுள்ள வாலிபர்கள் உழைப்பைக் கைவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிடுவார்கள்.

உண்மை: இந்த அபிப்பிராயத்துக்குத் தேர்ந்த ஆராய்ச்சி ஒன்றின் பக்கபலம் இருப்பதனாலேயே, அதை அலட்சியமாகத் தள்ளிவிடாமல், அதன் ஆதாரத்தை நிதானமாகப் பரிசோதிப்பது அவசியமாகிறது.

அந்த ஆராய்ச்சி நடந்த தென்னாப்பிரிக்காவில் 1928-இல் ஏற்பட்ட முதியோர் பென்ஷன் சட்டம் வெள்ளையரையும் கலப்பினத்தவரையும் மட்டுமே அங்கீகரித்து, அம்மண்ணுக்குரிய ஆப்பிரிக்கரையும், கரும்புத் தோட்டங்களுக்காகக் கப்பலேறிய நம்மவரின் சந்ததியாரையும் விலக்கிவைத்தது. 1944-இல் இவர்களும் சேர்க்கப்பட்டார்கள் என்றாலும், நிறத்துக்கொரு தொகை என்ற அநீதி 1993 வரையில் நீடித்தது. தொகை சமமானபோது, ஆப்பிரிக்கரின் நடுத்தரத் தலா வருமானத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு பணம், 60 வயது நிரம்பிய பாட்டியின் கைக்கும் 65 வயது நிரம்பிய தாத்தாவின் கைக்கும் வந்து சேரலாயிற்று. அக்காலத்தில் குவாசுலு-நேட்டால் மாகாணத்துக் கிராமங்களில் பட்டுவாடா நாளன்று முதியவர்கள் நெடுநேரம் வரிசையில் காத்திருந்து, விரல்ரேகை சரிபார்க்கப்பட்ட பின் நோட்டுகளை எண்ணி வாங்கிக்கொள்வார்கள். பக்கத்திலேயே வியாபாரிகள் கடை விரித்திருப்பார்கள்.

மரியான் பெர்ட்ராண்ட், செந்தில் முல்லைநாதன், டக்ளஸ் மில்லர் ஆகிய மூவரும் 1993-ஆம் ஆண்டின் குடும்பக் கணக்கெடுப்பை ஆராய்ந்து, பென்ஷன் பெறும் முதியவருடன் ஒரே வீட்டில் வசிக்கும் உழைக்கும் வயதினர், முக்கியமாக ஆடவர், குறைவாகவே வேலை செய்கிறார்கள் என்று 2003-இல் எழுதினார்கள். கணக்கில் பிழையில்லை; ஆனால் அது வீட்டில் இருந்தவர்களை மட்டுமே எண்ணியது. தங்கச் சுரங்கங்கள் திறந்த காலந்தொட்டு, கிராமத்தில் குடும்பத்தை விட்டுவிட்டுத் தொலைதூர நகரத்தில் உழைத்துப் பணம் அனுப்புவதையே ஜீவனோபாயமாகக் கொண்ட ஒரு நாட்டில், வெளியே போனவர்களைச் சேர்க்காமல் ஒரு குடும்பத்தின் உழைப்பை மதிப்பிடுவது, களத்துக்கு வந்த நெல்லை விட்டுவிட்டு வயலில் நிற்கும் தாளைப் பார்த்து விளைச்சல் சொல்வதற்கு ஒப்பாகும். டோரிட் போசலும் அவருடைய சகாக்களும் 2006-இல் அதே கணக்கெடுப்பில் வெளியூர் சென்ற உறுப்பினரையும் சேர்த்துப் பார்த்தபோது, சோம்பல் என்ற குற்றச்சாட்டுக்கு ஆதாரம் நிற்கவில்லை. பாட்டிக்குப் பென்ஷன் வரும் வீடுகளிலிருந்து பெண்கள் வேலைக்காக வெளியூர் செல்வது அதிகமாயிருந்ததும் தெரிந்தது.

காரணம் நமக்கும் விளங்கக்கூடியதே. வேலை தேடப் போகிறவருக்குப் பஸ் கட்டணம் வேண்டும்; முதற்கூலி கைக்கு வரும்வரையில் சாப்பாடும் தங்க இடமும் வேண்டும்; கைக்குழந்தையை நம்பி ஒப்படைக்க ஓர் ஆள் வேண்டும். கடன் கொடுப்பாரில்லாத ஏழைக் குடும்பத்துக்கு முன்னவற்றைப் பென்ஷன் தருகிறது. கடைசியானதைப் பாட்டியே தருகிறாள். ஆர்டிங்டன், கேஸ், ஹோஸ்கூட் என்னும் மூன்று பெண்மணிகள் வடக்குக் குவாசுலு-நேட்டாலில் ஒரே குடும்பங்களைச் சில ஆண்டு இடைவெளியில் மறுபடியும் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவும் இதுவே: பென்ஷன் வந்த வீட்டில் வேலைக்குப் போவோர் சிறிதளவு கூடினார்களேயன்றிக் குறையவில்லை.

முதியவர்கள் தாமே வேலையை விடுகிறார்களே என்று சிலர் ஆட்சேபிக்கலாம். விடத்தான் விடுகிறார்கள், அறுபது வயதுக்கு மேலும் கூலிக்குக் குனிய வேண்டாம் என்பதற்காகத்தானே பென்ஷன்!

நம்பிக்கை: அந்தப் பணத்தை ஊதாரிப் பிள்ளைகள் பறித்துக்கொள்கிறார்கள்.

உண்மை: பாட்டி பென்ஷன் வாங்கும் வீடுகளில் பேத்திகளின் உடல் எடை உயரத்துக்கேற்பத் தேறியிருந்ததை எஸ்தர் டூஃப்லோ 2003-இல் காட்டினார்; தாத்தாவின் பென்ஷனில் அத்தகைய விளைவை அவர் காணவில்லை.