டெர்மினலில் எழுத்து பொடியாக இருக்கிறதா?

உபுண்டு போன்ற லினக்ஸ் கணினிகளில் உள்ள க்னோம் டெர்மினலில் எழுத்தைப் பெரிதாக்க கன்ட்ரோல், ஷிப்ட் இரண்டையும் பிடித்துக்கொண்டு பிளஸ் விசையைத் தட்டுங்கள். பலர் தடுமாறுவது இங்கேதான். பிளஸ் குறி, சமக்குறி இருக்கும் விசையின் மேல்பாதியில் இருப்பதால் ஷிப்ட் இல்லாமல் அது வராது. சிறிதாக்க அந்தச் சிக்கல் இல்லை. கன்ட்ரோலும் மைனஸும் போதும். பழைய அளவுக்குத் திரும்ப கன்ட்ரோலும் பூஜ்யமும்.

மேக்கில் கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை. விண்டோஸ் டெர்மினலில் கன்ட்ரோலை அழுத்தியபடி மவுஸ் சக்கரத்தை உருட்டினாலே எழுத்து மாறும். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் சுலபம்.

க்னோம் டெர்மினலில் எழுத்து பெரிதானால் ஜன்னலும் சேர்ந்து பெரிதாகும். வரிக்கு இத்தனை எழுத்து என்ற கணக்கை அது விட்டுக்கொடுப்பதில்லை. ஜன்னலை முதலிலேயே திரை முழுக்க விரித்துவிட்டால் தொல்லை இல்லை. புரொஜெக்டரில் வகுப்பு எடுப்பவர்கள் இதைக் கவனிக்கவும்.

விசைகளைத் தட்டி இப்படிச் செய்யும் மாற்றம் தற்காலிகமானதுதான். தினமும் பெரிய எழுத்தே வேண்டும் என்றால், பிரிஃபரன்சஸ் பகுதியில் உங்கள் புரொஃபைலைத் திறந்து எழுத்துருவின் அளவை மாற்றிவிடுங்கள்.