எத்தனையிலிருந்து? – நிகழ்தகவுக் கணக்குகளுக்கு ஒரு வழிகாட்டி

நிகழ்தகவுப் பாடத்தில் வரும் கணிப்பு மிகவும் சிறியது. பின்னங்களைக் கூட்டவும் பெருக்கவும், ஒன்றிலிருந்து ஒரு பின்னத்தைக் கழிக்கவும் தெரிந்தால் போதும். அட்சரகணிதத்தில் வருவது போன்ற நீண்ட படிகள் இல்லை. கேத்திரகணிதத்தில் வருவது போன்ற நிறுவல்களும் இல்லை. அப்படியிருந்தும் சாதாரண தர மாணவிகள் பலர் வினாத்தாளில் இவ்வினாவைக் கண்டதும் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

தரம் 10, 11 வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் நான் விடைத்தாள்களில் திரும்பத் திரும்பக் காணும் ஒரு விடயம் உண்டு. பின்னத்தின் மேலே உள்ள தொகுதியெண் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கீழே உள்ள பகுதியெண்தான் பிழைத்துப் போயிருக்கும். “எத்தனை?” என்று எண்ணத் தெரிந்த மாணவி, “எத்தனையிலிருந்து?” என்று கேட்க மறந்துவிடுகிறாள். இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு சில கணக்குகளைச் செய்து பார்ப்போம். அவற்றுள் மூன்று, பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நம் வீடுகளுக்குள் நடப்பவை. ஆகவே பெற்றோரும் உடன் வாசித்தால் நல்லது.

இரண்டு நாணயங்கள்

கோடாத நாணயங்கள் இரண்டு சுண்டப்படுகின்றன. குறைந்தது ஒரு தலையாவது கிடைப்பதற்கான நிகழ்தகவு யாது?

“இரண்டும் தலை, ஒன்று தலை, தலையே இல்லை என மூன்று பேறுகள். அவற்றில் இரண்டு நமக்குச் சாதகம். விடை 2/3.” இப்படி எழுதும் மாணவி வெட்கப்பட வேண்டியதில்லை. பிரான்சின் புகழ்பெற்ற கணிதவியலாளர் தலம்பேர், 1754 இல் அந்நாட்டுக் கலைக்களஞ்சியத்தில் எழுதிய கட்டுரையில் இதே 2/3 என்ற விடைக்குத்தான் வந்து சேர்ந்தார். முதல் சுண்டலில் தலை விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடுகிறது. எனவே தலை, பூ–தலை, பூ–பூ என மூன்று பேறுகளே உள்ளன என்பது அவருடைய வாதம்.

தவறு எங்கே? அந்த மூன்று பேறுகளும் சமனாய் நிகழத்தக்கவை அல்ல. ஒரு நாணயத்தை ஐந்து ரூபாய்க் குற்றியாகவும் மற்றதைப் பத்து ரூபாய்க் குற்றியாகவும் எண்ணிக்கொள்ளுங்கள். அப்போது மாதிரி வெளி தெளிவாகும்:

தலை–தலை, தலை–பூ, பூ–தலை, பூ–பூ.

பேறுகள் நான்கு. அவற்றில் மூன்றில் குறைந்தது ஒரு தலை உண்டு. விடை 3/4. “ஒன்று தலை” என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பேறுகள் ஒளிந்திருந்தன. பகுதியெண்ணில் எண்ணப்படுபவை யாவும் சமனாய் நிகழத்தக்கவையாக இருக்க வேண்டும் என்பதே இந்தப் பாடத்தின் முதல் விதி.

தாயக்கட்டைகள் இரண்டை உருட்டும்போதும் இதே விதிதான். கூட்டுத்தொகை 2 முதல் 12 வரை பதினொரு விதமாக வரலாம். ஆனால் 7 வருவதற்கான நிகழ்தகவு 1/11 அல்ல. நெய்யரியில் 6 × 6 = 36 புள்ளிகள் உள்ளன. கூட்டுத்தொகை 7 ஆக அமைவன (1,6), (2,5), (3,4), (4,3), (5,2), (6,1) என ஆறு. விடை 6/36, அதாவது 1/6. கூட்டுத்தொகை 12 வருவதோ 36 இல் ஒன்றுதான்.

“சூது ஹராம் அல்லவா, பிள்ளைகளுக்கு ஏன் தாயக்கட்டைக் கணக்கு?” என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. பஸ்கால், பேர்மா என்னும் இருவரும் 1654 இல் ஒருவருக்கொருவர் எழுதிய கடிதங்களில் இக்கணிதம் வளர்ந்தபோது, பேச்சு சூதாட்டப் பணத்தைப் பங்கிடுவது பற்றியதாகவே இருந்தது என்பதும் உண்மை. ஆனால் எண்ணிப் பார்த்து உண்மையை ஊகிக்கும் கலைக்கு இன்னொரு வழியும் உண்டு. 9 ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அறிஞர் அல்-கிந்தி, இரகசிய எழுத்துக்களில் எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணி மறைபொருளைக் கண்டறியும் முறையை எழுதிவைத்தார். நாம் இன்று மீடிறன் அட்டவணை என்று வரைவதும் அத்தகைய எண்ணுதலையே. வகுப்பறையில் தாயக்கட்டை ஆறு முகமுள்ள ஓர் எண்ணும் பொருள் மட்டுமே. சூது ஏன் நட்டத்தில் முடிகிறது என்பதை விளங்கவைப்பதும் இதே கணிதம்தான். கட்டுரையின் இறுதியில் உள்ள மூன்றாவது பயிற்சியைப் பாருங்கள்.

பைக்குள் மாறும் எண்ணிக்கை

ஒரு பையில் 5 சிவப்பு டொபிகளும் 3 பச்சை டொபிகளும் உள்ளன. எழுமாறாக ஒன்று எடுக்கப்படுகிறது. அதை மீள வைக்காமல் இன்னொன்று எடுக்கப்படுகிறது. இரண்டும் ஒரே நிறமாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது?

இங்கே “மீள வைக்காமல்” என்ற இரண்டு சொற்களின் கீழ் பென்சிலால் கோடிடுங்கள். முதலாவது டொபி 8 இலிருந்து வருகிறது. இரண்டாவது 7 இலிருந்து வருகிறது. மர வரிப்படத்தின் நான்கு கிளைகள் இவை:

சிவப்பு, சிவப்பு: 5/8 × 4/7 = 20/56
சிவப்பு, பச்சை: 5/8 × 3/7 = 15/56
பச்சை, சிவப்பு: 3/8 × 5/7 = 15/56
பச்சை, பச்சை: 3/8 × 2/7 = 6/56

ஒரே கிளை வழியே செல்லும்போது பெருக்குகிறோம். வெவ்வேறு கிளைகளைச் சேர்க்கும்போது கூட்டுகிறோம். ஆகவே விடை 20/56 + 6/56 = 26/56 = 13/28.

இந்த இடத்தில் பின்னங்களை அவசரப்பட்டுச் சுருக்க வேண்டாம். நான்கையும் 56 இன் கீழேயே வைத்திருந்தால் 20 + 15 + 15 + 6 = 56 என்று ஒரு நொடியில் சரிபார்க்கலாம். கூட்டுத்தொகை 56 ஆக வரவில்லையென்றால், ஏதோ ஒரு கிளையில் “எத்தனையிலிருந்து?” என்பது பிழைத்துவிட்டது என்று அர்த்தம்.

“குறைந்தது ஒன்றாவது சிவப்பு” என்று வினா வந்தால் மூன்று கிளைகளைக் கூட்டத் தேவையில்லை. சிவப்பே இல்லாத கிளை ஒன்றுதான். 1 – 6/56 = 50/56 = 25/28. “குறைந்தது” என்ற சொல்லைக் கண்டால் ஒன்றிலிருந்து கழிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

நான்காவது பிள்ளை

மூன்று பெண் பிள்ளைகள் பிறந்த வீட்டில் நான்காவது முறை தாய் கருவுற்றால், “மூன்றும் பெண், இனி வருவது ஆண்தான்” என்று உறவினர்கள் ஆறுதல் சொல்வார்கள். நான்காவதும் பெண்ணாகப் பிறந்துவிட்டால், ஏதோ நடக்கக்கூடாதது நடந்ததுபோல அந்தத் தாயைப் பார்ப்பவர்களும் உண்டு.

கணக்கைப் பார்ப்போம். ஒவ்வொரு பிறப்பிலும் பெண் பிறப்பதற்கான நிகழ்தகவை ஏறத்தாழ 1/2 எனக் கொள்ளலாம். நான்கு பிள்ளைகளுக்கான மாதிரி வெளியில் 2 × 2 × 2 × 2 = 16 பேறுகள் உள்ளன. நான்கும் பெண்ணாக இருப்பது அவற்றில் ஒன்று. அதாவது 1/16. உறவினர்கள் மனத்தில் வைத்துப் பேசுவது இந்தச் சிறிய எண்ணைத்தான்.

ஆனால் முதல் மூவர் ஏற்கெனவே பிறந்துவிட்டார்கள். அவர்கள் பெண்கள் என்பது தெரிந்த செய்தி. அந்தப் பதினாறில் முதல் மூன்றும் பெண்ணாக உள்ள பேறுகள் இரண்டு மட்டுமே: பெண்–பெண்–பெண்–பெண், பெண்–பெண்–பெண்–ஆண். இப்போது நாம் எத்தனையிலிருந்து எடுக்கிறோம்? இரண்டிலிருந்து. விடை 1/2. முதலாவது பிள்ளைக்கு இருந்த அதே நிகழ்தகவு. முன் பிறந்த மூவரும் நான்காவது பிள்ளைக்கு எந்தச் செய்தியும் அனுப்புவதில்லை. இவற்றைத்தான் சாராத நிகழ்ச்சிகள் என்கிறோம்.

விஞ்ஞான பாடத்தில் படித்ததையும் இங்கே சேர்த்து நினையுங்கள். பிள்ளையின் பாலைத் தீர்மானிக்கும் நிறமூர்த்தம் தந்தையிடமிருந்தே வருகிறது. எந்தப் பிள்ளையைத் தருவது என்பது அல்லாஹ்வின் நாட்டம். நான்கு பெண்களைப் பெற்றதற்காக ஒரு தாயைக் குறை சொல்ல மார்க்கத்திலும் இடமில்லை, விஞ்ஞானத்திலும் இடமில்லை, கணிதத்திலும் இடமில்லை.

ஒரு பரிசோதனை அறிக்கை

அடுத்த கணக்கில் வரும் எண்கள் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. எந்தவொரு குறிப்பிட்ட நோயையும் பற்றியவை அல்ல.

1000 பேரில் 10 பேருக்கு ஒரு நோய் உள்ளது எனக் கொள்வோம். அதற்கான பரிசோதனை, நோயுள்ள பத்துப் பேரில் ஒன்பது பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கும். நோயில்லாதவர்களிலும் பத்துப் பேருக்கு ஒருவர் வீதம் “நோய் உண்டு” என்று தவறாகக் காட்டிவிடும். ஒருவருக்கு “நோய் உண்டு” என அறிக்கை வருகிறது. அவருக்கு உண்மையில் நோய் இருப்பதற்கான நிகழ்தகவு யாது?

“பரிசோதனை பத்தில் ஒன்பது சரி, ஆகவே 9/10” என்று மனம் உடனே சொல்லும். ஒரு குடும்பம் முழுவதும் அன்றிரவு உறங்காமல் இருக்க அந்த எண் போதும். ஆனால் எண்ணிப் பாருங்கள். நோயுள்ள 10 பேரில் 9 பேருக்கு அந்த அறிக்கை வரும். நோயில்லாத 990 பேரில் 99 பேருக்கும் அதே அறிக்கை வரும். ஆக, அந்த அறிக்கையைக் கையில் வைத்திருப்பவர்கள் 108 பேர். அவர்களில் நோயுள்ளவர்கள் 9 பேர். விடை 9/108 = 1/12.

9/10 என்பது நோயாளிகளிலிருந்து எண்ணியது. 1/12 என்பது அறிக்கை பெற்றவர்களிலிருந்து எண்ணியது. தொகுதியெண் இரண்டிலும் அதே 9 பேர்தான். மாறியது பகுதியெண். உயர்தரத்தில் நிபந்தனை நிகழ்தகவு என்ற பெயரில் படிக்கப்போவது இதைத்தான். முதல் பரிசோதனையின் பின் வைத்தியர் இரண்டாவது பரிசோதனைக்கு எழுதித் தருவதன் காரணமும் இதில் விளங்கும். பயந்துபோய் இருந்துவிடவும் கூடாது, அலட்சியமாக விட்டுவிடவும் கூடாது. அடுத்த பரிசோதனையைச் செய்துகொள்ள வேண்டும்.

சராசரிக்குக் கீழே

புள்ளிவிபரவியலிலும் இக்கேள்வியின் வேறொரு வடிவம் வருகிறது. ஒரு சிறு குழுவில் ஏழு மாணவிகள் கணிதத்தில் பெற்ற புள்ளிகள்:

34, 36, 38, 40, 41, 43, 97

கூட்டுத்தொகை 329. ஏழால் வகுக்க, இடை 47. இப்போது 43 புள்ளி பெற்ற மாணவியின் தேர்ச்சி அறிக்கை வீட்டுக்குப் போகிறது. “சராசரி 47, நீ 43. சராசரிக்கும் கீழே!” என்று ஏச்சு விழுகிறது. ஆனால் அந்தப் பிள்ளை ஏழு பேரில் இரண்டாமிடம். 97 என்ற ஒரே புள்ளி இடையை மேலே இழுத்துவிட்டதால், ஆறு பேர் சராசரிக்குக் கீழே நிற்கிறார்கள்.

புள்ளிகளை ஏறுவரிசையில் வைத்து நடுவில் உள்ளதைப் பார்த்தால் இடையம் 40. அதன்படி 43 பாதிக்கு மேலே. ஒரு தரவு மற்றவற்றிலிருந்து வெகுதூரம் விலகி நிற்கும்போது இடையத்தையும் பார்க்க வேண்டும் என்று பாடநூலுக்காக மனனம் செய்கிறோம். அறிக்கையைக் கையில் எடுக்கும் பெற்றோரும் பிள்ளையிடம் பேசுமுன் அதை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். 43 போதுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பயிற்சிதான் பதில்.

பரீட்சையில் செய்ய வேண்டியவை

முதலாவது, வினாவில் உள்ள “மீள வைக்காமல்”, “குறைந்தது”, “எனத் தரப்பட்டுள்ளது” போன்ற சொற்களுக்குக் கீழே கோடிடுங்கள். இரண்டாவது, மாதிரி வெளியை எழுதுங்கள். அல்லது நெய்யரியையோ மர வரிப்படத்தையோ வரையுங்கள். மூன்றாவது, பகுதியெண்ணை முதலில் எழுதி, அதன் பின்னரே தொகுதியெண்ணை எண்ணுங்கள். நான்காவது, விடை 0 இற்கும் 1 இற்கும் இடையில் உள்ளதா, எல்லாக் கிளைகளின் கூட்டுத்தொகையும் 1 ஆகிறதா என்று சரிபாருங்கள்.

பயிற்சிகள்

1. ஒரு பெட்டியில் 4 நீலப் பேனைகளும் 6 கறுப்புப் பேனைகளும் உள்ளன. மீள வைக்காமல் இரண்டு எடுக்கப்படுகின்றன. (அ) இரண்டும் நீலமாக, (ஆ) குறைந்தது ஒன்றாவது கறுப்பாக இருப்பதற்கான நிகழ்தகவுகளைக் காண்க.

2. ஒரு குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள். இருவரும் பெண்களாக இருப்பதற்கான நிகழ்தகவு யாது, (அ) மூத்தவர் பெண் எனத் தரப்பட்டால், (ஆ) குறைந்தது ஒருவர் பெண் எனத் தரப்பட்டால்?

3. ஓர் அதிர்ஷ்டலாபச் சீட்டில் 1 தொடக்கம் 80 வரையான எண்களில் 4 வேறுவேறு எண்கள் உள்ளன. குலுக்கலில் மீள வைக்காமல் 4 எண்கள் எடுக்கப்படுகின்றன. வரிசை எப்படியிருந்தாலும் நான்கும் பொருந்தினால் பரிசு. பரிசு விழுவதற்கான நிகழ்தகவு யாது?

விடைகள்

1. (அ) 4/10 × 3/9 = 2/15 (ஆ) 1 – 2/15 = 13/15

2. (அ) 1/2 (ஆ) 1/3. மாதிரி வெளியை எழுதினால் இரண்டும் ஏன் வேறுபடுகின்றன என்பது தெரியும்.

3. 4/80 × 3/79 × 2/78 × 1/77 = 1/1581580. நாளொன்றுக்கு ஒரு சீட்டு வீதம் வாங்குபவருக்கு, சராசரியாக 4300 ஆண்டுகளுக்கும் மேல் ஆகும் ஒரு பரிசு விழ.