‘போன் வந்து நட்பு போச்சு’: யார் சொன்னது?

“இந்தக் காலத்துப் பசங்க எங்கே மேடம் பேசிக்கிறாங்க? நாலு பேர் உட்கார்ந்தா நாலு பேரும் போனைத்தான் பார்க்கிறாங்க.” அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் எந்தப் பெற்றோர் கூட்டத்துக்குப் போனாலும் இதைக் கேட்காமல் திரும்ப முடிவதில்லை. அடுக்குமாடி வாட்ஸாப் குழுக்களில் இது படமாகவே சுற்றுகிறது. ஒரு பக்கம் கோலி ஆடும் சிறுவர்கள், ‘அன்று’. மறுபக்கம் குனிந்த தலைகள், ‘இன்று’. கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். பள்ளிப் பிள்ளைகளுக்கு உளவியல் ஆலோசனை சொல்வது என் வேலை. பிள்ளைகள் சொல்வதை தினமும் கேட்கிற எனக்கு இந்தப் படத்தைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

குனிந்த தலைகளை எட்ட நின்று படம் பிடித்தவர், கொஞ்சம் கிட்டே போயிருக்கலாம். ஆவடி பருத்திப்பட்டு ஏரிப் பக்கம் சாயங்காலம் உட்கார்ந்திருக்கும் நாலு பையன்களின் பக்கத்தில் போய் நின்று பாருங்கள். “டேய், பின்னாடி வரான்டா!” “ரிவைவ் பண்ணு, ரிவைவ் பண்ணு!” நாலு போனிலும் ஓடுவது ஒரே ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆட்டம், நாலு பேரும் ஒரே அணி. கேரம் போர்டைச் சுற்றிக் குனிந்திருந்தால் இவர்களை யாராவது திட்டியிருப்போமா?

இன்னொன்று. காய்ச்சலில் படுத்திருக்கும் ப்ளஸ் டூ மாணவிக்கு, அன்றைக்கு நடந்த பாடத்தைத் தோழி பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறாள். கூடவே ஒரு வாய்ஸ் நோட்: “இந்த டெரிவேஷன் கண்டிப்பா வரும்னு மிஸ் சொன்னாங்கடி.” இயற்பியல் முடிந்ததும் பேச்சு வகுப்புச் சண்டைக்குப் போகிறது, அங்கிருந்து வீட்டுக் கஷ்டத்துக்கு. அதுவும் பேச்சுதான். மொட்டைமாடியில், தணிந்த குரலில் நடப்பதால் நம் காதில் விழுவதில்லை, அவ்வளவுதான்.

‘ஆராய்ச்சியே சொல்லுதே’ என்பார்கள். சொன்னதுதான், 1998இல். ராபர்ட் கிராட் குழுவினர் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 73 வீடுகளைச் சேர்ந்த 169 பேரை ஆராய்ந்து, இணையம் அதிகமானால் தனிமை கூடுகிறது என்று எழுதினார்கள். உலகமெங்கும் பரவியது அது. அதே கிராட் அந்த மக்களில் பெரும்பாலோரைத் தொடர்ந்து கவனித்து, அந்தப் பாதிப்புகள் பெரும்பாலும் மறைந்துவிட்டன என்று 2002இல் எழுதினாரே, அதை யாரும் ஃபார்வேர்டு செய்யவில்லை. 2019இல் ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் அமெரிக்க, பிரிட்டன் பதின்பருவத்தினர் மூன்றரை லட்சம் பேருக்கு மேற்பட்டோரின் தரவுகளை அலசினார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் தெரியும் ஏற்றத்தாழ்வில் டிஜிட்டல் பயன்பாட்டால் விளக்க முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம். இதற்காகவா வீடு வீடாக ஒப்பாரி?

பிள்ளைகள் நேரில் சந்திக்க ஆசைப்படாமல் இல்லை. ஆய்வாளர் டானா பாய்ட் பல ஆண்டுகள் அமெரிக்கப் பதின்பருவத்தினரிடம் பேசி 2014இல் வெளியிட்ட நூலில் இதையே சொன்னார்: நேரில் பார்க்கத்தான் விருப்பம், வெளியே விடத்தான் ஆள் இல்லை. இங்கே மட்டும் என்ன வாழ்கிறது? பள்ளி முகப்பேரில், டியூஷன் அண்ணா நகரில், தோழியின் வீடு திருநின்றவூரில். டியூஷன் முடிந்து வீடு சேர இரவு எட்டரை. சி.டி.எச். ரோட்டில் லாரிகளுக்கு நடுவே சைக்கிளில் போய் நண்பனைப் பார்த்துவிட்டு வா என்று எந்த அப்பா அனுப்புவார்? காலி மனையெல்லாம் அடுக்குமாடி ஆனது. கீழ்த்தளத்தில் ‘பந்து விளையாடக் கூடாது’ என்று போர்டு மாட்டியதும் நாம்தான், ‘அன்று இன்று’ படம் அனுப்புவதும் நாம்தான்.

பெண் பிள்ளைகள் நிலை இன்னும் மோசம். கிராமப்புற இந்தியாவில் எடுத்த 2024ஆம் ஆண்டின் ‘அசர்’ கல்விக் கணக்கெடுப்பில், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14 முதல் 16 வயதுப் பையன்களில் 36.2 சதவீதத்தினருக்குச் சொந்தப் போன் இருந்தது, பெண்களில் 26.9 சதவீதத்தினருக்குத்தான். இங்கேயும் பல பெண்களுக்கு அம்மாவின் போன்தான். தோழி அனுப்பியதை முதலில் படிப்பது அண்ணன்.

போனைப் பற்றிச் சுற்றும் மற்ற கதைகளையும் பார்ப்போம். வாட்ஸாப்பில் மூன்றாவது டிக் விழுந்தால் அரசாங்கம் பார்த்துவிட்டதாம். அப்படி ஒரு டிக்கே கிடையாது, பொய் என்று மத்திய அரசின் பிஐபியே அறிவித்துவிட்டது. தங்கிலீஷில் எழுதினால் மொழி கெடுமாம். குறுஞ்செய்திச் சுருக்கெழுத்தை அதிகம் பயன்படுத்திய பிரிட்டன் சிறுவர்கள் வாசிப்பில் பின்தங்கவில்லை, நன்றாகவே வாசித்தார்கள் என்று 2009இல் ஓர் ஆய்வு வந்தது. உங்கள் வீட்டில் தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா, முதலில் அதைப் பாருங்கள்.

‘அழிச்சுட்டா போச்சு’ என்பது மட்டும் பிள்ளைகளின் மூடநம்பிக்கை. போகாது. அந்தப் பக்கம் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருப்பார்கள். யாராவது மிரட்டினால் குழந்தைகள் உதவி எண் 1098ஐ அழைக்கலாம், சைபர் குற்றப் புகாருக்கு 1930 இருக்கிறது. ஆனால் முதலில் வீட்டில் சொல்ல வேண்டுமே! சொன்ன அடுத்த நிமிடம் போனைப் பிடுங்கினால் எந்தப் பிள்ளை வாய் திறக்கும்?

நட்பைப் பற்றி உண்மையிலேயே கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நம் பகுதி அரசுப் பள்ளி மைதானங்களைச் சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் திறந்துவிடச் சொல்லிக் கேளுங்கள். அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில், ஆவடி 2019 முதல் தனி மாநகராட்சி, பூந்தமல்லி நகராட்சி. மூன்று இடத்திலும் கவுன்சிலர் இருக்கிறார், ஏரியா சபை இருக்கிறது. ஒரு காவலாளி, விளக்கு, திறந்திருக்கும் கழிப்பறை, பெண் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய நேரம், இவ்வளவு போதும். சபைக் கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளைகளையும் கூட்டிப்போங்கள். எந்த நேரம் திறந்தால் எல்லோருக்கும் தோது என்று வாட்ஸாப் குழுவில் ஓட்டெடுப்பு நடத்தி, கூட்டம் முடிவதற்குள் அவர்களே சொல்லிவிடுவார்கள்.