மொபைல் சர்வீஸ் கடை: வேலையை விடுறதுக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

"சம்பளம் பத்தல, மொபைல் சர்வீஸ் கத்துக்கிட்டு கடை போடலாமா?" என்று கேட்பவர்கள் முதலில் விசாரிப்பது டூல்ஸ் விலையைத்தான். ஹாட் ஏர் மெஷின், சோல்டரிங் அயர்ன், மல்டிமீட்டர், மைக்ரோஸ்கோப். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு நாள் சுற்றினால் விலையெல்லாம் தெரிந்துவிடும். முத்ரா கடனில் சிசு பிரிவு 50,000 ரூபாய் வரை இருக்கு, ஆரம்பத்துக்கு உதவும். ஆனா கடை ஓடுமா என்பது ஒரு நாளைக்கு எத்தனை போன் உங்க டேபிளுக்கு வருது, பார்ட்ஸ் போக எவ்வளவு நிக்குது என்பதில்தான் இருக்கு.

உதாரணத்துக்கு, இப்போ கைக்கு வரும் சம்பளம் 28,000. கடை வாடகை 10,000, உதவிக்கு ஒரு ஆள் 12,000, கரண்ட், நெட், டீச்செலவு 4,000. ஆக கடைச் செலவு 26,000. உங்க சம்பளத்தையும் செலவாகவே எழுதுங்க. அதை எழுதாததால்தான் பல கடைகள் லாபத்தில் ஓடுற மாதிரி தெரியுது. மொத்தம் 54,000. சராசரி பில் 1,000, பார்ட்ஸ் 650, நிற்பது 350 என்று வைத்தால் மாதம் 155 வேலை வேணும். 26 நாள் கடை திறந்தால் தினமும் 6 போன். அதே தெருவில் ஏற்கெனவே 3 சர்வீஸ் கடை இருந்தால் அந்த 6 பேர் ஏன் உங்ககிட்ட வரணும்?

அடுத்து ரிட்டர்ன். டிஸ்ப்ளே மாற்ற 1,800 வாங்குறீங்க, காம்போ அடக்க விலை 1,200. 600 லாபம்னு மனசு சொல்லும். 10-ல் ஒன்று "டச் வேலை செய்யல"ன்னு வாரண்டிக்குள் திரும்பி வந்து, சப்ளையரும் கையை விரித்தால், 6,000 லாபத்தில் 1,200 போச்சு. ஒரு வேலைக்கு உண்மையில் 480தான். அதனால ஒட்டுறதுக்கு முன்னாடியே கனெக்டரை மட்டும் மாட்டி டெஸ்ட் பண்ணிடுங்க. டிஸ்ப்ளேயை வாங்கி அடுக்கவும் வேண்டாம். மாடல் பழசாகிட்டா அது அலமாரியில் தூங்கும் பணம்.

பலர் சறுக்கும் இடம் ஜி.எஸ்.டி. "40 லட்சம் வரைக்கும் பதிவு வேண்டாமே சார்" என்பார்கள். அந்த வரம்பு பொருள் மட்டும் விற்பவர்களுக்கு. ரிப்பேர் என்பது சேவை. தமிழ்நாட்டில் வரம்பு 20 லட்சம். அதுவும் லாபத்தை வைத்து இல்லை, முழு பில் தொகையை வைத்து. மேலே போட்ட கடையையே பாருங்க: மாதம் 1,55,000, வருஷம் 18.6 லட்சம். சம்பளத்துக்குச் சமமாக வந்த உடனேயே வரம்பு பக்கத்தில் நிற்குது.

தாண்டினால் வரி 18%. வரியும் சேர்த்துத்தான் 1,000 வாங்குறீங்க என்றால் அதில் சுமார் 153 வரி. 650 ரூபாய் பார்ட்ஸை ஜி.எஸ்.டி பில்லோடு வாங்கியிருந்தால் அதில் அடங்கிய 99 கழியும். கட்டுவது 54 போல. பில் இல்லாமல் வாங்கினால் முழு 153-ம் உங்க 350-ல் இருந்து போகும். "பில் வேணாம்னா 20 ரூபா கம்மி" என்ற பேரம் எவ்வளவு நஷ்டம்னு இப்போ தெரியுதா? வரவு 50 லட்சம் வரை உள்ள சேவைக் கடைகளுக்கு காம்பொசிஷன் முறை உண்டு: 6%, அதாவது 1,000-க்கு 60. கஸ்டமரிடம் தனியாக வசூலிக்கவும் முடியாது, கழிவும் கிடையாது. பார்ட்ஸுக்கு ஒழுங்காக பில் கிடைக்காத ஊரில் நான் இதைத்தான் சொல்வேன்.

வருமான வரியில் ப்ரிசம்டிவ் முறை இருக்கு. யு.பி.ஐ வரவில் குறைந்தது 6%, ரொக்கத்தில் 8% லாபம் காட்டணும். 18.6 லட்சத்துக்கு 6% என்றால் 1,11,600. இதை மட்டும் காட்டிவிட்டு பிறகு ஹோம் லோனுக்குப் போனால், பேங்க் பார்க்கிறதும் அந்த 1.11 லட்சத்தைத்தான். புதிய முறையில் 12 லட்சம் வரை இந்த மாதிரி வருமானத்துக்கு வரியே வராது. அப்புறம் எதுக்குக் குறைச்சுக் காட்டணும்?

பழைய போன் வாங்கி விற்கும் ஆசையும் வரும். வாங்குறதுக்கு முன்னாடி *#06# அடித்து ஐ.எம்.இ.ஐ எண்ணை எடுங்க. ஆங்கிலத்தில் கே.ஒய்.எம் என்று அடித்து, இடைவெளி விட்டு அந்த எண்ணை 14422-க்கு எஸ்.எம்.எஸ் அனுப்பினால் பிளாக் ஆன போனா என்று தெரியும். ஐ.எம்.இ.ஐ-யை மாற்றித் தரச் சொல்லி யாராவது கேட்டால் வாசலைக் காட்டிடுங்க. 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி 3 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

வேலையில் இருந்துகொண்டே ஞாயிறு மட்டும் தெரிந்த கடையில் உட்கார்ந்து பழகுவது என்றால், முதலில் அப்பாயின்ட்மென்ட் லெட்டரில் வேறு தொழில் செய்யத் தடை இருக்கா பாருங்க. காசு வர ஆரம்பித்த வருஷம் ஐ.டி.ஆர்-1 போட முடியாது. ப்ரிசம்டிவ் என்றால் ஐ.டி.ஆர்-4. ஒரு நோட்டில் தேதி, மாடல், பில், பார்ட் விலை, திரும்பி வந்ததா என்று 3 மாசம் எழுதுங்க. நான் மேலே போட்ட 350 இடத்தில் உங்க நம்பரைப் போட்டு, தினமும் எத்தனை போன் வேணும்னு மறுபடி கணக்குப் பாருங்க.