மலைமேல் மூடுபனி

எங்கள் அய்யலூரில் வெயில் காயும்போதும் சிறுமலை உச்சியில் பனி மூடுவதேன்? ஈரக்காற்று மலைச்சரிவில் மேலேறுகையில் விரிந்து குளிர்கிறது. அதிலுள்ள நீராவி நுண்துளிகளாகிறது. கீழிருந்து பார்ப்போருக்கு அது மேகம். உள்ளே நடப்போருக்கு மூடுபனி.

சென்ற மார்கழியில் தோழியர் இருவரும் பெரியப்பாவுடன் அங்கு ஏறினோம். வாழைத் தோட்டங்களைக் கடந்ததும் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. "முன்னால ஓடாதீங்கம்மா, நின்னு குரல் கொடுங்க" என்றார் பெரியப்பா. அரைமணி நேரம் கைகோத்து நின்றோம். பனி விலகியதும் பார்த்தால், நான்கடி முன்னே கிடுகிடு பள்ளம்!

ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையும் (1345 மீட்டர், நம் கோடைக்கானல் அதைவிட உயரம்!) பனிக்குப் பேர்போனது. 1894இல் அங்கே வில்சன் என்னும் விஞ்ஞானி, பனிமேல் விழுந்த நிழலைச் சுற்றி வண்ண வளையங்களைக் கண்டு வியந்தார். பிறகு கண்ணாடிக் கலத்திலேயே மேகம் உண்டாக்கினார். அணுத்துகள்கள் சென்ற தடமும் அதில் தெரிந்தது. அதற்காக 1927இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.